ஹுகூகுல் இபாதும் மனித உரிமைப் பிரகடனமும்: மூன்று தலைமுறை வாதங்கள் – ஒரு விமர்சனம்

சென்ற கோடையில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு மாலை, அஸர்த் தொழுகை முடிந்து முன்கூடத்தில் அமர்ந்திருந்தோம். வீட்டின் மூத்தவர் மத்ரஸா ஒன்றில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஹஜ்ரத். அவருடைய மகனாகிய என் நண்பர் வழக்கறிஞர். பேத்தி சட்டக் கல்லூரி மாணவி. காஸாவைப் பற்றித் தொடங்கிய பேச்சு, சர்வதேச மனித உரிமைக் குரல்களால் யாருக்கு என்ன பயன் என்ற வழக்காக விரைவிலேயே மாறியது.

அல்லாஹ்வும் அவன் தூதரும் வகுத்துத் தந்த ஹுகூகுல் இபாத் நமக்குப் போதும். ஜெனீவாவின் காகிதங்கள் பலவான்களின் சௌகரியத்திற்கு ஏற்ப விரிக்கப்படுபவை, மடக்கப்படுபவை என்றார் ஹஜ்ரத். அந்தக் காகிதங்களில் உள்ளவற்றையெல்லாம் இஸ்லாம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது. அதை உலகுக்கு எடுத்துரைக்காததே நம் குறை என்றார் மகன். யார் முதலில் தந்தது என்ற ஆராய்ச்சி பாதிக்கப்பட்டவருக்கு உதவாது. இன்று கையில் இருக்கும் கருவி அந்தக் காகிதம்தான், அதைக் கொண்டுதான் ஹேக் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடிந்தது என்றார் பேத்தி.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை நீண்ட அந்த உரையாடலில், நாங்கள் அமர்ந்திருந்த மலையைப் பற்றியோ, அம்மலையின் ஆதி மக்களாகிய மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியோ ஒரு சொல்லும் எழவில்லை. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே சித்தேரி மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் அதே மக்கள் வாழும் வாச்சாத்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பெயரும் வரவில்லை. அதை நானும் எடுத்துச் சொல்லவில்லை. இந்த விடுபடல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயத்தின் மனித உரிமைப் பேச்சு முழுவதிலும் இது ஊடுருவியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1948ஆம் ஆண்டின் தலைமுறை

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவாக 48 வாக்குகள், எதிர்ப்பு எதுவுமில்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. சோவியத் அணியின் ஆறு நாடுகளும், நிறவெறி அரசாகிய தென்னாப்பிரிக்காவும், சவூதி அரேபியாவும் அந்த எட்டு. சவூதியின் ஒதுக்கம் மட்டுமே பிற்காலத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டு, முஸ்லிம் உலகம் முழுவதும் அப்பிரகடனத்தை மறுத்ததாக ஒரு தோற்றம் உருவாயிற்று. உண்மை அதுவன்று. எகிப்து, இராக், ஈரான், சிரியா, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகியவை ஆதரித்தே வாக்களித்தன. இதில் ஒரு விந்தையும் உண்டு. திருமணம் பற்றிய 16ஆம் பிரிவுக்கும் மதம் மாறும் உரிமை பற்றிய 18ஆம் பிரிவுக்கும் சவூதியின் பெயரால் ஆட்சேபம் எழுப்பிய பிரதிநிதி ஜமீல் பரூதி, லெபனானைச் சேர்ந்த கிறிஸ்தவர்.

அதே அவையில் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லாஹ் பெண்களின் திருமண உரிமைக்காகக் குரல் கொடுத்தார். ஸஃபருல்லாஹ் கான் 18ஆம் பிரிவைத் திருக்குர்ஆனின் அடிப்படையிலேயே ஆதரித்துப் பேசினார். அவர் சார்ந்திருந்த பிரிவு குறித்து நம் உலமாக்களின் தீர்ப்பு நாமறிந்ததே. ஆயினும் நம்பிக்கையில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்ற குர்ஆனியக் கோட்பாட்டை உலக அவையில் ஓர் அரசின் சார்பாக எடுத்துரைத்தார் என்பது வரலாறு. இந்தியாவின் ஹன்ஸா மேத்தா, முதற்பிரிவில் ஆண்பாலைக் குறித்து நின்ற சொல்லை அகற்றி, மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல் இடம்பெறக் காரணமாயிருந்தார். ஆகவே அப்பிரகடனம் மேற்கு எழுதித் தந்த ஓலை என்பது அரைகுறை வரலாறு. காலனி ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட தேசங்களின் கைகளும் அதில் பட்டிருக்கின்றன.

அத்தலைமுறையின் குறை வேறிடத்தில் இருந்தது. அவர்கள் அரசுகளின் பிரதிநிதிகள். அரசு பேசும்போது உரிமை பேசியது. அரசின் நலன் மாறியபோது உரிமையும் மௌனமாயிற்று. இந்த நோய் இன்றும் தீரவில்லை. இலங்கைப் போர் முடிந்த மறுவாரம், 2009 மே 27 அன்று, ஜெனீவாவின் மனித உரிமைக் கழகத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. அந்த வாக்குகளில் பாகிஸ்தான், சவூதி அரேபியா, எகிப்து, இந்தோனேசியா, மலேசியா ஆகியவற்றின் வாக்குகளும், நம் இந்தியாவின் வாக்கும் அடக்கம். 2022 அக்டோபர் 6 அன்று சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களின் நிலை பற்றி விவாதிக்கலாமா என்ற கேள்வி அதே கழகத்தில் எழுந்தபோது, விவாதமே வேண்டாம் என்று 19 நாடுகள் வாக்களித்தன. வேண்டும் என்றவை 17. வேண்டாம் என்றவற்றில் பாகிஸ்தானும் இந்தோனேசியாவும் கத்தாரும் இருந்தன. உம்மத்தின் பெயரால் பேசும் அரசுகள் உம்மத்தையும் காக்கவில்லை. ஹஜ்ரத்தின் கசப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கசப்பு ஜெனீவாவோடு நின்றுவிடலாகாது. ரியாதுக்கும் இஸ்லாமாபாத்துக்கும் அதில் பங்கு உண்டு.

‘நாமே முதலில் தந்தோம்’ என்னும் வாதம்

அடுத்த தலைமுறையின் குரலாக மௌலானா மௌதூதி (ரஹ்) 1975இல் லாகூரில் ஆற்றிய உரையைக் கொள்ளலாம். இஸ்லாத்தில் மனித உரிமைகள் என்ற தலைப்பில் சிறுநூலாகி உலகெங்கும் பரவிய உரை அது. அதன் மைய வாதம் வலிமையானது. மன்னரோ சட்டமன்றமோ தந்த உரிமையை அவர்களே திரும்பப் பெறலாம். படைத்தவன் தந்த உரிமையை எந்த அதிகாரமும் பறிக்க முடியாது. அவசரநிலைக் காலத்தில் இந்திய மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இவ்வாதத்தின் கனத்தை உணர்வர்.

ஆனால் அவ்வாதம் நம் மேடைகளுக்கு வந்துசேர்ந்தபோது அதன் முனை மழுங்கிவிட்டது. பறிக்கப்பட்ட உரிமையை மீட்கும் வாதமாக இல்லாமல், யார் முந்தியவர் என்னும் போட்டியாக அது சுருங்கிற்று. மேக்னா கார்ட்டாவுக்கு எத்தனை நூற்றாண்டு முன்பு மதீனா சாசனம் எழுதப்பட்டது என்று கணக்கிடுவதில் நாம் காட்டிய உற்சாகத்தை, அச்சாசனத்தின்படி இன்று யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்பதில் காட்டவில்லை.

1981இல் ஐரோப்பிய இஸ்லாமியக் கழகம் வெளியிட்ட சர்வதேச இஸ்லாமிய மனித உரிமைப் பிரகடனத்தையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். அதன் அரபு வடிவமும் ஆங்கில வடிவமும் பல இடங்களில் ஒத்துச் செல்லவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மேற்கத்திய வாசகருக்கு ஒரு முகம், நமக்குள் இன்னொரு முகம் என்ற ஐயத்திற்கு அது இடம் தந்துவிட்டது. உரிமைச் சாசனம் என்பது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையில் இருவேறு வாசகங்கள் இருப்பது ஃபிக்ஹின் அளவுகோலிலும் குற்றமே.

1990 ஆகஸ்ட் 5 அன்று இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கெய்ரோவில் ஏற்ற பிரகடனம் 25 பிரிவுகள் கொண்டது. இறுதி இரு பிரிவுகள் அனைத்து உரிமைகளையும் ஷரீஅத்துக்கு உட்படுத்தின. ஒரு முஸ்லிமுக்கு இதில் கொள்கையளவில் மறுப்பிருக்க முடியாது. ஆனால் ஷரீஅத் இன்னது என்று விளக்கும் அதிகாரத்தை யாரிடம் விட்டார்கள் என்பதே கேள்வி. அப்பிரகடனம் அதற்கு விடை தரவில்லை. நடைமுறையில் விளக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கைக்கே போயிற்று. 2020இல் அவ்வமைப்பு அதைத் திருத்தி மறுவடிவம் தந்தது என்பதே பழைய வடிவத்தின் போதாமைக்குச் சான்று.

கெய்ரோ மாநாடு நடந்த அந்த நாட்களை நினைவுகூர வேண்டும். அது கூடியிருந்தபோதே, ஆகஸ்ட் 2 அன்று, ஒரு முஸ்லிம் நாடு இன்னொரு முஸ்லிம் நாடாகிய குவைத்தை விழுங்கியது. மறுநாள், ஆகஸ்ட் 3 அன்று, கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். சாசனத்தில் மை உலரும் முன்பே அதன் சோதனை வந்துவிட்டது.

வடபுலத்துப் பாடம்

அதே ஆண்டு அக்டோபரில் வட இலங்கையிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள் தமிழின் பெயரால் துரத்தப்பட்டார்கள். ஈழத்தமிழர் உரிமைக்காக உலகத் தலைநகரங்களில் எழுந்த குரல்களில் இந்த அநீதிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. தன் இனத்தின் துயரை உரத்துச் சொல்லும்போது, தன் இனம் இழைத்த துயரை மறைத்தால்தான் வாதம் வலுப்படும் என்று பலர் எண்ணினர்.

அவ்வாறு எண்ணாத சிலரும் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆசிரியையாக இருந்த ராஜினி திராணகமவும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, அரசு, இந்திய அமைதிப்படை, போராளி இயக்கங்கள் என்று எத்தரப்பின் கொடுமையையும் விடாமல் பதிவு செய்தது. 1989 செப்டம்பர் 21 அன்று ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் மறைந்து வாழ்ந்து அப்பணியைத் தொடர்ந்தனர். முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் அவ்வமைப்பின் அறிக்கைகள் பதிவு செய்தன. 2007இல் அவ்விருவருக்கும் மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. தம் இனத்தவரின் துப்பாக்கிக்கு முன் நின்று பிற சமுதாயத்தின் துயரைப் பதிந்தவர்கள் அவர்கள். நமக்காகச் சாட்சி சொன்னவர்கள் நம்மவர் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொலையுண்டதையடுத்து 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பலியாயின. கொல்லப்பட்ட அனைவரும் அப்பாவிகள். இரண்டையும் ஒரே நாவால் கண்டிக்க முடியாதவர் நீதி பேசும் தகுதியை இழக்கிறார். அதன்பின் நம் இளைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தனர். கேரளத்தின் அப்துல் நாஸர் மதனி 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படும்வரை ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். அக்காலத்தில் முஸ்லிம் கைதிகளைப் பற்றிப் பேசுவதே ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்டது. அப்போது உண்மை அறியும் குழுக்களாக நம் தெருக்களுக்கு வந்தவர்களில் பேராசிரியர் அ. மார்க்ஸ் முதலானோரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். ஆனால் நன்றி சொல்வதோடு கடன் தீர்ந்துவிடுமா?

மலையடிவாரத்தின் வழக்கு

1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து வாச்சாத்திக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகளாகச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அரசுத்துறைகள் மறுத்தன. இடதுசாரி இயக்கத்தினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் வழக்கைத் தூக்கிச் சுமந்தனர். மார்க்சிஸ்ட் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். 1995இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறிற்று. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்த ஊருக்கு நேரில் சென்று பார்த்தார்.

முப்பத்தொரு ஆண்டுகள். அப்பெண்கள் ஜெனீவாவைக் கண்டவரல்லர். பிரகடனத்தின் பிரிவுகளைப் படித்தவருமல்லர். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்ட அதிகாரிகள் முன்பும் வழக்கறிஞர்கள் முன்பும் அவர்கள் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், சொல் மாறவில்லை. மனித உரிமை என்ற சொல்லுக்கு நம் மண்ணில் ஓர் உரை எழுதப்பட்டிருக்கிறது என்றால், அது இந்த வழக்குக்கட்டுதான். ஏற்காட்டில் காப்பி அருந்திக்கொண்டு நாங்கள் பேசியபோது அந்த உரையைப் புரட்டவே இல்லை.

ஏற்காட்டின் வரலாறும் இதற்கு அந்நியமன்று. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இம்மலையில் காப்பிப் பயிர் ஏறியது. அதன்பின் மலையின் பெரும்பகுதி தோட்டங்களாயிற்று. மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் கோடை விழாவுக்கு மலையேறும் நமக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. ‘மலையாளி’ என்றதும் கேரளத்தவரை எண்ணிக்கொள்வோர் நம்மில் மிகப்பலர்.

ஹில்ஃபுல் ஃபுளூல் காட்டும் வழி

இங்குதான் ஹஜ்ரத்தின் ஹுகூகுல் இபாதுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அச்சொல்லின் அமைப்பையே கவனியுங்கள். அது முஸ்லிம்களின் உரிமை என்று சொல்லவில்லை. அடியார்களின் உரிமை என்கிறது. அடியார் என்ற சொல்லுக்குள் படைக்கப்பட்ட எல்லோரும் அடக்கம். மேலும், பிரகடனத்தின் மொழியில் உரிமை என்பது நான் கேட்பது. ஹுகூகுல் இபாதின் மொழியில் அது நான் கொடுக்க வேண்டியது. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் கடன் அது. உரியவர் மன்னித்தாலன்றித் தீராதது.

இது பிற்கால விளக்கமன்று. உயிர், உடைமை, மானம் ஆகியவற்றின் பாதுகாப்பாகிய இஸ்மத் ஒருவருக்கு எதனால் கிடைக்கிறது என்பதில் ஃபுகஹாக்களிடையே பழமையான விவாதம் உண்டு. ஈமானாலோ ஒப்பந்தத்தாலோ கிடைக்கிறது என்பது ஷாஃபிஈ மரபின் போக்கு. ஆதமின் மகனாய்ப் பிறந்ததே போதும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) வழிவந்த ஹனஃபி மரபின் போக்கு. இக்காலத்தில் துருக்கி அறிஞர் ரெஜெப் ஷென்துர்க் இதை விரிவாக ஆய்ந்துள்ளார். சேலம் முதலான உள்நாட்டுப் பகுதிகளின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். தொழுகையில் கை கட்டும் இடத்திற்கு மத்ஹபைத் தேடுகிற நாம், அயலாரின் உயிருக்கும் மானத்திற்கும் மத்ஹப் சொன்னதைத் தேடவில்லை.

நபிகளார் (ஸல்) இளமையில் பங்கேற்ற ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை இதன் செயல்வடிவம். யமன் நாட்டு ஸபீதிலிருந்து மக்கா வந்த வணிகரிடம் சரக்கை வாங்கிய குறைஷிப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் விலை தர மறுத்தார். அந்நியருக்கு மக்காவில் குலமில்லை, கேட்பாரில்லை. அவர் மலைமேல் ஏறி நின்று முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்து, பொருளை மீட்டுத் தந்தனர். அது இஸ்லாத்துக்கு முந்தைய உடன்படிக்கை, அதில் கூடியோர் முஸ்லிம்கள் அல்லர், காக்கப்பட்டவர் அயலூரார், குற்றவாளியோ தம் ஊர்ப் பிரமுகர். நபித்துவத்துக்குப் பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணைவேன் என்று நபிகளார் (ஸல்) கூறியதாக ஸீரத் நூல்கள் பதிவு செய்கின்றன.

இதை அளவுகோலாக வைத்தால் நம் மூன்று தலைமுறைகளின் வாதங்களும் தம் இடத்தை அடைகின்றன. ஜெனீவா அந்நியர் மேடை என்று ஒதுங்குவோருக்கு, இப்னு ஜுத்ஆனின் வீடும் அந்நியர் மேடையே என்பது விடை. நாமே முதலில் தந்தோம் என்போருக்கு, நபிகளார் (ஸல்) பிறர் தொடங்கிய நன்மையில் இணைவதைப் பெருமையாகக் கருதினார்கள் என்பது விடை. பேத்தியின் தலைமுறைக்கும் ஒரு சொல் உண்டு. 2019 நவம்பரில் ரோஹிங்கியாக்களுக்காகக் காம்பியாவும், 2023 டிசம்பரில் காஸாவுக்காகத் தென்னாப்பிரிக்காவும் 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையைக் கையிலெடுத்து ஹேக் சென்றன. 1948இல் பிரகடனத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கிய தென்னாப்பிரிக்கா, இன்று அந்நியரின் வழக்கைத் தன் வழக்காக ஏற்று நிற்கிறது. இளைய தலைமுறை அதிலிருந்து கற்க வேண்டியது வழக்குத் தொடுக்கும் நுட்பத்தை மட்டுமன்று. காஸா நம் சகோதரரின் துயரம். அதற்காக நெஞ்சு பதறுவது இயல்பு. இயல்பாக எழாத பதற்றத்தைப் பயிற்சியால் வரவழைத்துக் கொள்வதுதான் தக்வாவின் சோதனை. நமக்கு உறவில்லாத, நமக்கு வாக்குத் தராத, நம் பெயரறியாத மலையாளிப் பெண்ணுக்காகவும் அந்தப் பதற்றம் எழ வேண்டும்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம், சாட்சியம் நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமையினும் நீதியில் நிலைக்கப் பணிக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகையும் நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது என்கிறது. பாசம், பகை ஆகிய இரண்டுமே சாட்சியை வளைக்கும் என்பதால்தான் இரு கட்டளைகள்.

செய்யக் கூடியவை சிலவேனும் உள்ளன. ஜகாத்தின் செலவினங்களுக்கு ஃபிக்ஹில் வரையறை உண்டு. ஸதகாவுக்கு அத்தகைய தடையில்லை. நம் கைதிகளுக்கென அமைந்த சட்ட உதவி நிதிகள் ஸதகாவைக் கொண்டு பழங்குடி, தலித் வழக்குகளுக்கும் கதவு திறக்கலாம். நம் வழக்கறிஞர்கள் ஆண்டுக்கொரு வழக்கையேனும் சமுதாய எல்லைக்கு அப்பாலிருந்து ஏற்கலாம். மத்ரஸாக்களில் ஹில்ஃபுல் ஃபுளூல் பாடம் நடத்தும் உஸ்தாத், வாச்சாத்தித் தீர்ப்பையும் அதனுடன் வாசிக்கச் செய்யலாம்.

ஊர் திரும்பிய பின் அத்தீர்ப்பின் படியொன்றை நண்பரின் இல்லத்திற்கு அனுப்பிவைத்தேன். பேத்தி வாசித்துச் சொல்ல ஹஜ்ரத் மூன்று மாலைகள் கேட்டதாக நண்பர் தெரிவித்தார். இறுதியில் அவர் ஒன்றுதான் கேட்டாராம்: இத்தனை ஆண்டும் இது நமக்கு எவ்வளவு தூரத்தில் நடந்தது? மலைமேலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான் என்று பேத்தி சொல்லியிருக்கிறார்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.